பயிர்க் காவலும் துப்பாக்கியும்

திருவொற்றியூருக்கு வடக்கே எண்ணூர்க் கழியைத் தாண்டியவுடன் அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி முதலான கிராமங்களின் நஞ்சை நிலங்கள் தொடங்குகின்றன. ஒரு புறம் துறைமுகங்களும், அனல் மின் நிலையங்களும், எண்ணெய்க் கிடங்குகளும். மற்றொரு புறம் சம்பா நெல்லும் வேர்க்கடலையும். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் எலியும் பறவையும் வயலில் இறங்குகின்றன. காப்புக் காடுகளை யடுத்த புன்செய்களில் பன்றியும் சேர்ந்துகொள்ளுகிறது. ஆறு மாதம் பாடுபட்ட குடியானவர் ஓரிரவில் நஷ்டமடைவதுண்டு. அப்பொழுது, "துப்பாக்கி ஒன்று கையிலிருந்தால் பயிர் தப்பியிருக்குமே" என்னும் எண்ணம் அவருக்கு உண்டாவது இயல்பே.

இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது, எவ்வகைத் துப்பாக்கி எந்தக் காரியத்துக்கு ஏற்றது, சட்டம் எதை அனுமதிக்கிறது, துப்பாக்கியால் ஆகாத காரியங்கள் யாவை என்பவற்றை விவசாயிகள் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நலம். துப்பாக்கி வாங்குவதற்கு முன் அறியாதவற்றை வாங்கிய பின் அறிய நேர்ந்தால் அதற்குக் கொடுக்கும் விலை சில சமயங்களில் ஓர் உயிராகவே முடியும்.

குழலின் இரு வகை

துப்பாக்கிகள் யாவும் குழலின் உட்புறத்தைக் கொண்டு இரண்டு பெரும் பிரிவுகளாகும். குழலின் உட்புறம் கண்ணாடிபோல் வழுவழுப்பாயிருப்பது ஒரு வகை. இதில் சிறு ஈய ரவைகள் பலவற்றை ஒருங்கே இட்டுச் சுடுவார்கள். ரவைகள் குழலை விட்டு வெளிப்பட்டதும் விரிந்து செல்வதால் ஓடும் பிராணியும் பறக்கும் பறவையும் எளிதில் அகப்படும். ஆனால் சிறிது தூரம் சென்றதும் அவற்றின் வேகம் குறைந்துவிடும்.

குழலின் உட்புறத்தில் திருகாணிபோல் வரிகள் வெட்டப்பட்டிருப்பது மற்றொரு வகை. இதனையே ரைபிள் என்கிறோம். ஒரே குண்டானது இவ்வரிகளில் பற்றிக்கொண்டு பம்பரம்போலச் சுழன்று வெளியேறுகிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோலவே சுழலும் குண்டும் திசை தவறாமல் நெடுந்தூரம் செல்லும். இதுவே ரைபிளின் மேன்மை. குடிகள் நெருங்கிய பிரதேசத்தில் இதுவே அதன் அபாயமுமாகும்.

வழுவழுப்பான குழலின் பருமனை 'போர்' என்னும் கணக்கால் அளப்பது வழக்கம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்று எக்குழலில் சரியாகப் பொருந்துமோ அது 12 போர். இதன் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். ஒரு பவுண்டை இருபது உருண்டைகளாக்கினால் உருண்டை சிறுத்துவிடுமாதலின், 20 போர்க் குழல் 12 போரைவிடச் சிறியது. எண் பெரிதாகக் குழல் சிறிதாகும் என்பதை வாசகர் நினைவில் வைக்க வேண்டும். ரைபிள்களுக்கும் கைத்துப்பாக்கிகளுக்கும் இக்கணக்கில்லை. அவற்றின் அளவு அங்குலத்தின் பின்னத்திலோ மில்லிமீட்டரிலோ கூறப்படும்.

வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி

நம் நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலமாகப் புழங்கி வந்தது குழல்வாய் வழியாக மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கியே. நரிக்குறவர் கையில் இதனைக் காணாதவர் அக்காலத்தில் அரியர். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு பயிர்ப் பாதுகாப்புக்கென்று முதலில் குறிப்பிடுவதும் இவ்வகையையே. இது போதாதென்று லைசென்ஸ் வழங்கும் அதிகாரி திருப்தியடைந்தால், 20 அங்குலத்திற்குக் குறையாத குழலையுடைய வேறு வழுவழுப்பான குழல் துப்பாக்கிக்கும் அனுமதி அளிக்கலாம் என்று அச்சட்டம் கூறுகிறது.

இத்துப்பாக்கி மலிவானது, அமைப்பும் எளியது. ஆயினும் மிகுந்த ஜாக்கிரதையை வேண்டுவதும் இதுவே. இதில் நேரும் விபத்துக்களுக்குப் பெரும்பாலும் பின்வரும் நான்கு காரணங்களே உள.

முதலாவது, இரட்டைக் கெட்டிப்பு. ஏற்கெனவே மருந்திட்டிருப்பதை மறந்து மீண்டும் கெட்டித்தால் குழல் வெடித்துச் சுடுபவரின் கையையும் கண்ணையும் சேதப்படுத்தும். இதனைத் தவிர்க்க எளிய உபாயம் ஒன்றுண்டு. வெறுங்குழலில் திணிகோலைச் செலுத்தி, குழல்வாய்க்கு நேரே கோலில் ஒரு கோடு கீறவேண்டும். அளவாகக் கெட்டித்த பின் மற்றொரு கோடு கீறவேண்டும். பிறகு எப்பொழுது கோலை உள்ளே விட்டாலும் குழல் வெறுமையா, கெட்டித்திருக்கிறதா, இருமுறை கெட்டிக்கப்பட்டதா என்பது அக்கோடுகளால் விளங்கிவிடும்.

இரண்டாவது, மருந்து மாறுதல். இத்துப்பாக்கிக்குரியது கருமருந்து ஒன்றே. தோட்டாக்களிலிருந்து எடுத்த புகையில்லா மருந்தை இதில் இட்டால் குழல் தாங்காது.

மூன்றாவது, சுட்டவுடன் மீண்டும் கெட்டித்தல். குழலினுள் கனல் தங்கியிருந்தால் புதிய மருந்து பற்றிக்கொள்ளும். மருந்துக் குப்பியிலிருந்து நேரே குழலில் கொட்டினால் குப்பியே வெடிக்கும். அளவுக்கிண்ணத்தில் எடுத்தே இடவேண்டும்.

நான்காவது, தாமதமாக வெடித்தல். குதிரை விழுந்தும் வெடிக்காவிட்டால் உடனே குழல்வாயை எட்டிப் பார்க்கலாகாது. குழலை ஆளில்லாத திசையில் பிடித்தபடியே ஒரு நிமிஷமாவது பொறுத்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு போர் இரட்டைக்குழல்

பின்புறம் மடக்கித் தோட்டா இடும் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியே இந்நாட்டில் வேட்டைக்காரர்களும் பண்ணைக்காரர்களும் மிகவும் விரும்பியது. காரணம், தோட்டாவை மாற்றினால் ஒரே துப்பாக்கி பல வேலைக்கும் உதவும். ஆங்கிலக் கணக்கில் 6-ம் எண் ரவை ஒவ்வொன்றும் சுமார் 2.6 மில்லிமீட்டர் விட்டமுடையது. ஓர் அவுன்சுக்கு ஏறக்குறைய 270 ரவைகள் நிற்கும். எஸ்.ஜி. என்னும் பெருங்குண்டு 8.4 மில்லிமீட்டர், அவுன்சுக்கு எட்டே நிற்கும். முன்னது பறவைக்கும், பின்னது பன்றி போன்ற பெரிய பிராணிக்கும் அந்நாளில் கொள்ளப்பட்டன. புனாவை அடுத்த கட்கித் தோட்டாத் தொழிற்சாலையின் 'சக்திமான்' தோட்டாக்கள் இவ்வகைத் துப்பாக்கிகளுக்கு நெடுங்காலம் வழங்கி வந்தவை.

இரட்டைக்குழலில் ஒரு குழலின் வாய் சிறிது சுருக்கப்பட்டிருக்கும். முற்றும் சுருக்கிய குழல் 40 கஜ தூரத்தில் 30 அங்குல வட்டத்திற்குள் நூற்றுக்கு 70 பங்கு ரவைகளைச் சேர்க்கும். சுருக்கமில்லாத குழல் 40 பங்கையே சேர்க்கும். இதனால் அறிய வேண்டுவது யாதெனில், ரவைத் துப்பாக்கியின் பயன் 40 கஜம் வரையில்தான். அதற்கப்பால் சுடுவது பிராணியைக் கொல்லாமல் காயப்படுத்தி விடுவதேயாகும். காயம்பட்ட பன்றி மறுநாள் புல்லறுக்க வரும் பெண்ணின்மேல் பாயும்.

தோட்டா விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள் உள. 65 மில்லிமீட்டர் அறையுள்ள பழைய துப்பாக்கியில் 70 மில்லிமீட்டர்த் தோட்டாவை இடலாகாது. அது உள்ளே நுழையும், ஆனால் விரிவதற்கு இடமின்றி அழுத்தம் மிகும். மேலும் 20 போர்த் தோட்டாவை 12 போர்த் தோட்டாக்களோடு ஒரே பையில் வைத்தல் பெருந்தவறு. அது 12 போர்க் குழலில் வழுக்கிச் சென்று நடுவில் சிக்கிக்கொள்ளும். குழல் வெறுமை என்றெண்ணிப் பின்னால் 12 போர்த் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் பிளந்துவிடும்.

ரைபிள்கள்

வேட்டைக் கதைகளைப் படித்தவர் ரைபிள்களின் பெயரை அறிவர். ஜிம் கார்பெட் 1907-ம் வருஷம் சம்பாவத்து ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்டதற்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்தது ரிக்பி கம்பெனியின் .275 ரைபிள். எடை குறைந்து குறி தவறாததாகையால் மலைகளில் நெடுந்தூரம் நடப்பவருக்கு அது உகந்ததாயிருந்தது. சேலம், தர்மபுரிப் பிரதேசத்துக் காடுகளில் ஆட்கொல்லி விலங்குகளைத் தொடர்ந்த கென்னத் ஆண்டர்சன் விரும்பிக் கையாண்டது .405 வின்செஸ்டர். அது கனமான குண்டை அருகிலிருந்து செலுத்துவது; அடர்ந்த புதரில் திடீரென எதிர்ப்படும் விலங்குக்கு ஏற்றது. ஒருவர் விரும்பியது மற்றவருக்கு ஒவ்வாமற் போனதன் காரணம் நிலமும் தூரமும் வேறுபட்டமையே. ஆயுதத்தைத் தேர்வது பெயரைக் கொண்டன்று, காரியத்தைக் கொண்டே என்பது இதிலிருந்து பெறப்படும்.

இந்தியாவில் பொதுஜனங்கள் அதிகமாக வாங்கிய வேட்டை ரைபிள் .315. பட்டாளத்தார் உபயோகித்த .303 தோட்டாவைக் குடிகள் வைத்துக்கொள்ளலாகாதென்று ஆங்கில சர்க்கார் தடுத்ததால் இவ்வளவு வழக்கத்திற்கு வந்தது. சர்க்கார் தொழிற்சாலைகளில் செய்யப்பட்ட .315 ரைபிளின் பூட்டமைப்பு லீ-என்பீல்டு பட்டாள ரைபிளை ஒத்திருக்கும். என்பீல்டு என்பது லண்டனை அடுத்த ஓர் ஊர். அங்கேதான் ஆங்கில அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அத்தொழிற்சாலைக்கு ரைபிள் உறுப்புக்கள் செய்து கொடுத்த சம்பந்தத்தால் ஒரு சைக்கிள் கம்பெனி 'ராயல் என்பீல்டு' என்னும் பெயரையும் பீரங்கிச் சின்னத்தையும் பெற்றது. 1955-ல் தோன்றிய என்பீல்டு இந்தியா கம்பெனியின் வாயிலாக அப்பெயர் திருவொற்றியூர் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைக்கும் வந்தது. துப்பாக்கி செய்வதில் வேண்டப்படும் நுட்பமான அளவே மற்ற யந்திரத் தொழில்களுக்கும் அடிப்படையாயிற்று என்பதற்கு இஃதோர் உதாரணம்.

.22 ரைபிள் சிறியது. ஓசையும் உதைப்பும் குறைவு. குறிப் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. இதன் குண்டு சுமார் 2.6 கிராம் எடையே யுடையது. இதனை விளையாட்டுச் சாமானாகக் கருதுவோர் பலர். அது பெருந்தவறு என்பது கீழே விளங்கும்.

கைத்துப்பாக்கிகள்

ரிவால்வரும் பிஸ்டலும் ஒரு கையால் கையாளத்தக்கவை. கான்பூரில் செய்யப்பட்ட .32 ரிவால்வர் தற்காப்புக்கென்று லைசென்ஸ் பெற்றோரிடம் காணப்படுவது. குழல் குட்டையாதலாலும், தோளில் ஊன்றிப் பிடிக்க இயலாமையாலும் கை சிறிது நடுங்கினாலும் குறி பெரிதும் விலகிவிடும். இரவில், சேற்று வரப்பில், பயந்து ஓடும் பிராணியை இதனால் சுடுவது வீண். பயிர்க் காவலுக்கு இதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. சட்டமும் இதனைப் பயிர்ப் பாதுகாப்புக்குரியதாகக் கூறவில்லை. கைத்துப்பாக்கியின் உண்மையான பெருமை குறிப் பயிற்சிக் களத்திலேயே விளங்கும்.

குண்டு எவ்வளவு தூரம் செல்லும்?

ஒரு துப்பாக்கி எவ்வளவு தூரத்தில் பயன்படும் என்பது வேறு. எவ்வளவு தூரம் வரையில் தீங்கு செய்யும் என்பது வேறு. 6-ம் எண் ரவை 40 கஜத்துக்குமேல் பயன்படாதெனினும் சுமார் 200 மீட்டர் வரை சென்று விழும். எஸ்.ஜி. குண்டு 600 மீட்டருக்கும் அப்பால் போகும். சிறிதென்று எண்ணப்படும் .22 குண்டு மேல்நோக்கிச் சாய்த்துச் சுட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் செல்லும். .315 போன்ற பெரிய ரைபிள்களின் குண்டு அதனினும் மிகுந்த தூரம் சென்று உயிரைப் போக்கவல்லது.

இவ்வளவுகளை எண்ணூர்ப் பிரதேசத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அத்திப்பட்டு வரப்பில் நின்று ஒன்றரைக் கிலோமீட்டருக்கு வட்டம் போட்டால் அதற்குள் ரயில் பாதை, லாரிகள் வரிசையாய் நிற்கும் சாலை, தொழிலாளர் குடியிருப்பு, எரிபொருள் கொண்டுசெல்லும் குழாய், பள்ளிக்கூடம் இவற்றுள் ஏதேனும் ஒன்று வாராமலிராது. கழியிலோ வைகறை யிருட்டில் இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கும் ஆண்களும் பெண்களும் இருப்பார்கள். தாழ்ந்து வரும் குண்டு நீர்ப்பரப்பில் பட்டால் மூழ்கிவிடும் என்று நினைப்பது தவறு. நாம் எறியும் ஓட்டாஞ்சில்லைப்போலவே அது நீரில் தத்தி வேறு திசையில் பாயும். நீர் நிறைந்த நெல் வயலும் அவ்வாறே.

2021 டிசம்பர் 30-ந் தேதி புதுக்கோட்டை ஜில்லா நார்த்தாமலையை அடுத்த பசுமலைப்பட்டிப் பயிற்சித் தளத்தில் துப்பாக்கிப் பயிற்சி நடந்தபொழுது, வெகு தூரத்தில் ஒரு வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டொன்று பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ந் தேதி அச்சிறுவன் இறந்தான். பயிற்சிக்கென்றே அமைக்கப்பட்ட தளத்திலேயே இவ்வாறாயின், பின்னால் மண்மேடு யாதுமில்லாத திறந்த வயலில், கண் தெரியாத இருட்டில், ஓசை வந்த திக்கை நோக்கிச் சுடுவதன் அபாயத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. ஓசை வந்த திக்கில் பன்றியுமிருக்கலாம்; தண்ணீர் பாய்ச்ச வந்த அண்டை நிலத்துக்காரரும் இருக்கலாம்.

சட்டம் கூறுவது

ஆயுத லைசென்ஸை, போலீஸ் கமிஷனர் ஆட்சிக்குட்பட்ட நகரங்களில் கமிஷனரும், பிற இடங்களில் ஜில்லா கலெக்டரும் வழங்குகின்றனர். விண்ணப்பிப்பவர் 21 வயது நிரம்பியவராயிருக்க வேண்டும். 2019-ம் வருஷத் திருத்தத்தின்படி ஒருவர் சாதாரணமாக இரண்டு துப்பாக்கிகளுக்குமேல் வைத்திருத்தல் கூடாது. லைசென்ஸ் காலமும் மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமாக நீட்டப்பட்டது. லைசென்ஸின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்கு இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. அனுமதியின்றி நாட்டுத் துப்பாக்கி செய்வதற்குத் தண்டனை ஏழு வருஷத்தில் தொடங்கி ஆயுள் வரையில் செல்லும். கலியாணத்திலும் திருவிழாவிலும் மகிழ்ச்சிக்காகச் சுட்டுப் பிறருக்கு அபாயம் விளைவிப்பதும் தண்டிக்கத்தக்கதே.

லைசென்ஸ் உள்ளவர் எல்லாப் பிராணிகளையும் சுடலாம் என்பது பரவலான தப்பெண்ணம். துப்பாக்கி வைத்திருக்க அனுமதி ஒன்று. பிராணியைச் சுட அனுமதி மற்றொன்று. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் வேட்டையாடுதலைத் தடுத்துவிட்டது. மயில் அச்சட்டத்தின் முதல் அட்டவணையிலும், காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையிலும் உள்ளன. எண்ணூர்க் கழிக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் பருவந்தோறும் வரும் பூநாரை, கூழைக்கடா, வாத்து முதலிய நீர்ப்பறவைகளைச் சுடுவதும் குற்றமே. ஆங்கிலேயர் காலத்தில் வாத்து வேட்டை ஒரு பொழுதுபோக்காயிருந்ததென்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு இன்று எவரேனும் அவ்வாறு செய்வாராயின் துப்பாக்கியையும் இழந்து சிறைக்கும் செல்ல நேரிடும்.

உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தாய்விட்ட இரண்டாம் அட்டவணைப் பிராணியைச் சுடுவதற்கு மேற்படி சட்டத்தின் 11-வது பிரிவின்கீழ் தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவரால் அதிகாரமளிக்கப்பட்டவரோ எழுத்து மூலம் உத்தரவளிக்கலாம். காட்டுப்பன்றி விஷயமாகத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஓர் ஏற்பாடு அறிவித்தது. அதன்படி காப்புக் காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வன இலாகாவினரே சுடலாம். விவசாயி தாமே சுடுவதற்கு இது அனுமதியன்று. பன்றித் தொல்லையுள்ளவர்கள் கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரக அலுவலகத்திற்கும் எழுத்து மூலம் தெரிவித்தலே முறை. சேதமடைந்த பயிரை அதிகாரிகள் பார்வையிடும்வரை கலைக்காமல் வைத்திருந்தால் நஷ்ட ஈடு கோருவதற்கு உதவியாயிருக்கும்.

துப்பாக்கிக்குப் பதிலாகச் சிலர் கையாளும் வழிகள் அதனினும் கொடியவை. தின்பண்டத்துள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காய் பன்றிக்கென்று வைக்கப்பட்டு, ஆட்டையும் நாயையும் யானையையும் கொல்லுகிறது. 2020 மே மாதத்தில் கேரளத்துப் பாலக்காட்டுப் பகுதியில் சினையாயிருந்த யானையொன்று இவ்வாறு வாய் சிதைந்து ஆற்றில் நின்றபடியே மாண்டது. வேலியில் நேரே மின்சாரம் பாய்ச்சுதல் பன்றியோடு காவற்காரரையும் கொல்லும். பிளாஸ்டிக் குழாயில் கார்பைடுக் கல்லும் நீரும் இட்டு வெடிக்கும் குழாய்த் துப்பாக்கியும் தீங்கற்றதன்று. குரங்கு விரட்டுவதற்கென்று புழங்கிய அது 2025-ம் வருஷத் தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் விளையாட்டுச் சாமானாக விற்கப்பட்டு, குழந்தைகள் பலருடைய கண்ணைக் கெடுத்தது.

துப்பாக்கியால் ஆகாத காவல்

பொன்னேரிப் பக்கத்து நஞ்சையில் நெல்லுக்கு முதற்பகை எலி. எலியைச் சுட்டு ஒழித்தவர் உலகில் எவருமிலர். வரப்பைச் சிறுக்கி வைத்தால் வளை தோண்ட இடமிராது. ஊரார் ஒருங்கே ஒரே பருவத்தில் நட்டால் எலிக்கு ஆண்டு முழுவதும் உணவு கிடையாது. மூங்கிலாலான தஞ்சாவூர்க் கிட்டியை வளை வழிகளில் வைப்பதும், கூகைகள் வந்தமரக் கொம்பு நடுவதும் செலவில்லா வழிகள். வளையைக் கண்டு எலி பிடிப்பதில் இருளர் மிகத் தேர்ந்தவர்கள். அவர்களுக்குத் தக்க கூலி கொடுத்து அறுவடைக்கு முன்னும் பின்னும் வேலை வாங்கினால், ஒரு துப்பாக்கியின் விலையில் பல வருஷங்கள் பயிரைக் காக்கலாம்.

பறவைகளுக்குப் பளபளக்கும் நாடாவும், தகர ஓசையும், காலை மாலை இரு வேளை ஆள் நடமாட்டமும் போதும். ஒரே உபாயத்தைத் தொடர்ந்து கையாண்டால் பறவைகள் பழகிவிடுமாதலின் சில நாளுக்கொரு முறை மாற்ற வேண்டும். பன்றிக்கு நிலத்தைச் சுற்றி நெருக்கமான வேலியும், அயலார் பலர் சேர்ந்து முறைவைத்துக் காக்கும் காவலும் சிறந்தவை. ஒருவர் நிலத்தில் மட்டும் வேலி போட்டால் பன்றி அடுத்த நிலத்திற்குப் போகுமேயன்றி ஊரை விட்டுப் போகாது.

குறிப் பயிற்சி

வேட்டை நின்றதால் துப்பாக்கிக் கலை நின்றுவிடவில்லை. அது குறிக்களத்தில் முன்னினும் நுட்பமாக வளர்ந்திருக்கிறது. இதற்கு முதற்படி 0.177 அங்குல, அதாவது 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கி. 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, இவ்வளவுக்கு மேற்படாததும் 20 ஜூலுக்கு மேற்படாத விசையுடையதுமான காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. எனினும் அதுவும் கண்ணைக் குருடாக்க வல்லது. பெரியவர் மேற்பார்வையின்றிச் சிறுவர் கையில் கொடுக்கலாகாது.

சர்வதேசப் பந்தயத்தில் 10 மீட்டர் காற்று ரைபிளின் குறித்தாளில் பத்துப் புள்ளிக்குரிய இடம் அரை மில்லிமீட்டர் விட்டமே. ஓர் ஊசி முனையளவு என்னலாம். காற்றுப் பிஸ்டலுக்கு அது 11.5 மில்லிமீட்டர். 50 மீட்டர் .22 ரைபிளுக்கு 10.4 மில்லிமீட்டர். காற்று ரைபிளின் எடை 5.5 கிலோவுக்கு மேற்படலாகாது. காற்றுப் பிஸ்டலின் விசையை இழுக்க 500 கிராம் எடையாவது வேண்டும் என்பது விதி.

2008-ல் பீஜிங்கில் அபிநவ் பிந்திரா காற்று ரைபிளில் தங்கப் பதக்கம் பெற்றார். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-ல் லண்டனில் அதே பந்தயத்தில் வெண்கலம் பெற்றார். 2024-ல் பாரிஸில் மனு பாக்கர் காற்றுப் பிஸ்டலிலும், ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிளிலும் பதக்கம் பெற்றனர். அதே ஒலிம்பிக்கில் கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் காற்று ரைபிளிலும், புதுக்கோட்டை மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் பறக்கும் களிமண் தட்டைச் சுடும் பந்தயத்திலும் கலந்துகொண்டனர். துப்பாக்கியில் ஆசையுள்ள இளைஞர் நாடவேண்டிய இடம் அங்கீகாரம் பெற்ற ரைபிள் சங்கமே. சங்கத்தின் அங்கத்தினர் குறிப் பயிற்சிக்கென்று .22 ரைபிளுக்கு லைசென்ஸ் கோருவதற்கும் மேற்கூறிய 13-வது பிரிவு இடமளிக்கிறது.

குறி பார்ப்பதன் இரகசியம் பொறுமையே. காலை அகற்றி உறுதியாக நின்று, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, முன்குறியில் பார்வையைச் செலுத்தி, விசையைச் சட்டென்று பறிக்காமல் மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். எப்பொழுது வெடிக்கும் என்பது சுடுபவருக்கே தெரியாதபடி வெடிப்பதுதான் நல்ல சூடு.

கடற்காற்றும் துருவும்

ராயபுரம் முதல் பழவேற்காடு வரையுள்ள கடலோரத்தில் உப்புக் காற்று இரும்பை விரைவில் அரிக்கும். ஏர்க்கொழுவும் பம்பு செட்டும் அடையும் கதியைத் துப்பாக்கியும் அடையும். கருமருந்து சுட்ட குழலை அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். தோலுறையில் நெடுநாள் வைத்தால் தோல் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். உள்ளே துருக்குழி விழுந்த குழலைச் சுடாமல் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடம் காட்டவேண்டும். தோட்டாக்களை ஈரமில்லாத இடத்தில் துப்பாக்கியினின்றும் வேறாக வைத்துப் பூட்ட வேண்டும். லைசென்ஸ்தாரர் காலமானால் வாரிசுகள் அத்துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் உடனே போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்புவித்துவிட்டுப் பிறகு விண்ணப்பிக்க வேண்டும். பரணில் கிடந்த பாட்டனார் துப்பாக்கியைப் பேரன் எடுத்து விளையாடியதாக வரும் செய்திகள் யாவும் இதனை அசட்டை செய்ததன் பலனே.

நினைவில் வைக்க வேண்டியவை

1. எத்துப்பாக்கியையும் கெட்டித்ததாகவே கருதுக.

2. குழல்வாயை மனிதரையோ மாட்டையோ நோக்கித் திருப்பற்க.

3. குறியை மட்டுமன்றிக் குறிக்குப் பின்னாலிருப்பதையும் காணாமல் சுடற்க.

4. நீர்ப்பரப்பின் மீதும், எரிபொருட் கிடங்குகளின் பக்கமும் சுடற்க.

5. வேலி தாண்டும்போதும் வரப்பு ஏறும்போதும் தோட்டாவை எடுத்துவிடுக.

6. மது அருந்தியவரிடம் துப்பாக்கியைக் கொடுக்கற்க.

7. எழுத்து மூலமான உத்தரவின்றி எந்தப் பிராணியையும் சுடற்க.

8. லைசென்ஸில் எழுதியுள்ள நிபந்தனைகளை ஒருமுறை முழுதும் படித்துக்கொள்க. படிக்கத் தெரியாதவர் பிறரைக் கொண்டு படிப்பித்துக் கேட்க.

மேற்கூறியவற்றை ஆலோசித்தால் ஒன்று விளங்கும். வட சென்னையை அடுத்த நெருக்கமான இப்பிரதேசத்தில் நூற்றில் தொண்ணூறு வயல்களுக்குத் துப்பாக்கி வேண்டுவதில்லை; சிறுத்த வரப்பும், ஒன்றுபட்ட நடவும், கிட்டியும், முறைக்காவலும் போதும். உண்மையாகவே வேண்டியிருப்பவர் லைசென்ஸ் பெற்று, தக்க துப்பாக்கியைத் தேர்ந்து, முறையான பயிற்சி பெற்றபின் கையிலெடுப்பாராக. ஒரு மூட்டை நெல் போனால் அடுத்த போகத்தில் ஈட்டிக்கொள்ளலாம். குழலை விட்டுச் சென்ற குண்டைத் திரும்ப அழைக்க எவராலும் ஆகாது.